15 வயதுக்கு மேல் சாரணியர் குழுவில் சேர நினைக்கும் பெண்களுக்கு

சாரணியர் என்றாலே சீருடை போட்ட சின்னப் பெண்கள் வரிசையில் நின்று கொடி ஏற்றுவதும், கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பழகுவதும்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அதனால் 15, 16 வயதில் ஒரு பெண் “நான் இப்போ சேரலாமா?” என்று கேட்கும்போதே, வயது தாண்டிவிட்டதோ என்ற தயக்கம் குரலில் இருக்கும். தாண்டவில்லை. முகாமைத் தானே திட்டமிடுவது, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, வேறு நாட்டுப் பெண்களோடு தங்கி வேலை செய்வது, ஐ.நா. கூட்டம் வரை போய்ப் பேசுவது, இவையெல்லாம் 14, 15 வயதுக்கு மேல்தான் திறக்கின்றன. சில 18க்கு மேல்தான். முன் அனுபவம் எதுவும் இல்லாமல் நேராக இந்த வயதில் சேர்கிறவர்களை நிறையப் பார்க்கலாம்.

ஆனால் ஒன்று. சேர்ந்துவிட்டால் இதெல்லாம் தானாக வந்து சேரும் என்று நினைக்காதீர்கள். பெரிய பெண்கள் பிரிவில் எதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சட்டையில் எத்தனை பேட்ஜ் ஏறுகிறது என்பதைவிட, நம்பி எந்த வேலையை உங்கள் கையில் விடுகிறார்கள் என்பதைப் பாருங்கள். கீழே நான் சொல்லப்போவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

இது புதிதாக வந்த யோசனையும் இல்லை. 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பையன்களுக்காக நடந்த சாரணர் பேரணிக்கு அழைப்பே இல்லாமல் பெண்கள் கிளம்பிப் போய், எங்களுக்கும் இது வேண்டும் என்று நின்றார்கள். அடுத்த வருடம், 1910இல், பெண்களுக்கான இயக்கம் தொடங்கி, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதை நடத்தினார். முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் உளவுத்துறை எம்.ஐ.5 அலுவலகத்துக்குள் தகவல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைச் சாரணியர் பெண்கள் செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடியும் சமயத்தில், பாரம் சுமந்து நடக்கவும் திறந்த வெளியில் கூட்டத்துக்குச் சமைக்கவும் பழகிய வயதுவந்த சாரணியர் குழுக்களாகப் பிரிந்து கிரீஸ், நெதர்லாந்து, ஜெர்மனி என்று நிவாரண வேலைக்குப் போனார்கள். ஆக, பெரிய பெண்களை நம்பி வேலை கொடுப்பது இந்த இயக்கத்தின் பழைய பழக்கம். நீங்கள் அதைக் கேட்டால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியக் கூடாது.

உங்கள் வயதுக்கு எந்தப் பிரிவு?

முதல் வேலை இதுதான். பிரிவுகளின் பெயரும் வயதும் நாட்டுக்கு நாடு மாறும். பெரிய பெண்கள் பிரிவுக்கு ‘ரேஞ்சர்’ என்ற பெயர் 1920 முதல் இருக்கிறது, இன்னும் பல நாடுகளில் அதே பெயர்தான். பிரிட்டனில் ரேஞ்சர் 14 முதல் 18 வயது வரை, கனடாவில் 15 முதல் 17 வரை. அயர்லாந்தின் சீனியர் பிரிவு 14இல் தொடங்கி 30 வரை போகிறது. அமெரிக்காவில் வயதைவிட வகுப்பைப் பார்ப்பார்கள், 9, 10ஆம் வகுப்புப் பெண்கள் ‘சீனியர்’, 11, 12ஆம் வகுப்பு ‘அம்பாசடர்’. இந்தியாவின் பாரத சாரண சாரணியர் அமைப்பில் ரேஞ்சர், அதாவது திரிசாரணியர் பிரிவு, 25 வயது வரை நீளும், அதனால் கல்லூரிப் பெண்களும் இருப்பார்கள்.

உங்கள் நாட்டின் தேசிய சாரணியர் சங்க இணையதளத்தில் போய்ப் பாருங்கள். உலக சாரணியர் சங்கம் 1928இல் உருவானது, சுமார் 150 நாடுகள் அதில் இருக்கின்றன, அதன் தளத்திலிருந்து உங்கள் நாட்டுச் சங்கத்துக்குப் போகலாம். பள்ளி, கல்லூரிக்குள் நடக்கும் குழுக்களும் உண்டு, யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய பொதுக் குழுக்களும் உண்டு. உங்கள் பள்ளியில் இல்லை என்றால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் குழுவே இல்லாதவர்களுக்காகச் சில நாடுகளில் ‘லோன்’ என்ற ஏற்பாடு இருக்கிறது, தபாலிலோ இணையத்திலோ கலந்துகொள்வது.

எழுதும்போது நீட்டி முழக்க வேண்டாம். இந்த அளவு போதும்: “எனக்கு 16 வயது. இதுவரை சாரணியர் குழுவில் இருந்ததில்லை. சனிக்கிழமைகளில் வர முடியும். முகாமும், சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்வதும் பிடிக்கும். ஒரு கூட்டத்துக்கு வந்து பார்க்கலாமா?” பதில் வரத் தாமதமானால் மறுபடி எழுதுங்கள். இந்தக் குழுக்களைப் பெரும்பாலும் வேலைக்குப் போகிற பெண்கள் மாலை நேரத்தில் சம்பளம் இல்லாமல் நடத்துகிறார்கள், கடிதம் கிடப்பில் கிடந்தால் அதை வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சேருமுன் இரண்டு மூன்று கூட்டம் போய்ப் பாருங்கள்

அங்கே போய் என்ன பார்ப்பது? பேசுவது யார் என்று பாருங்கள். அணி முறை என்பது இந்த இயக்கத்தின் முதுகெலும்பு. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சின்ன அணி, அதற்கு ஒரு அணித்தலைவி, அணித்தலைவிகள் கூடிக் குழுவின் விஷயங்களை முடிவு செய்வார்கள். ரேஞ்சர் பிரிவில் இது இன்னும் ஒரு படி மேலே இருக்க வேண்டும். நல்ல குழுவில் அடுத்த முகாமைப் பற்றிப் பேச்சு நடந்தால், நோட்டும் பேனாவும் ஒரு பெண்ணின் கையில் இருக்கும். எங்கே போவது, என்ன சமைப்பது, ஆளுக்கு எவ்வளவு ஆகும் என்று அவர்களே கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார்கள். பொறுப்பாளர் ஓரமாக உட்கார்ந்து, “சரி, அன்னைக்கு மழை வந்தா?” என்று ஒரு கேள்வி மட்டும் போடுவார், உடனே எல்லோரும் மாற்றுத் திட்டத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பிப்பார்கள். பொறுப்பாளரே முழு நேரமும் பேசி, அச்சடித்த நிகழ்ச்சி நிரலை நீட்டி, பெண்கள் சும்மா தலையாட்டினால் யோசியுங்கள். அப்படிப்பட்ட குழுவையும் உள்ளே போய் மாற்றலாம்தான், ஆனால் புதிதாக வருகிறவர் அந்தப் பாரத்தை முதல் மாதமே தூக்க வேண்டியதில்லை.

தயங்காமல் கேளுங்கள். கடந்த ஆறு மாதத்தில் பெண்கள் முடிவு செய்து நடந்தது என்ன? அடுத்த முகாம் எப்போது, வரவு செலவு யார் பார்க்கிறார்கள்? சின்னப் பிள்ளைகள் பிரிவில் உதவ வாய்ப்பு உண்டா? யாராவது எனக்குத் தொந்தரவு கொடுத்தால் நான் யாரிடம் சொல்வது? கடைசிக் கேள்விக்குப் பதில் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் வர வேண்டும், பெயரோடு வர வேண்டும்.

சீருடையை முதல் வாரமே வாங்கிவிடாதீர்கள். பழைய உறுப்பினர்கள் விட்டுச்சென்ற சீருடை பல குழுக்களில் இருக்கும், கேட்டால் கிடைக்கும். உறுதிமொழி எடுப்பதற்கும் அவசரம் வேண்டாம். கடவுள், நாடு என்ற சொற்கள் சில நாடுகளின் உறுதிமொழியில் இருக்கும், சிலவற்றில் மாற்றியிருக்கிறார்கள். பிரிட்டன் 2013இல் கடவுளைப் பற்றிய சொல்லை எடுத்துவிட்டு, எனக்கு நான் உண்மையாக இருப்பேன், என் நம்பிக்கைகளை வளர்த்துக்கொள்வேன் என்ற பொருளில் மாற்றிக்கொண்டது. உங்கள் சங்கத்தின் வாசகத்தை முழுக்கப் படித்து, மனதுக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகு சொல்லுங்கள். சேர்ந்த அன்றே சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

சின்னப் பிள்ளைகள் பிரிவில் உதவி: நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான்

இளம் தலைவி, உதவித் தலைவி, யங் லீடர் என்று பெயர் எப்படி இருந்தாலும் வேலை ஒன்றுதான். உங்களைவிடச் சிறிய பெண்களின் குழுவில் பொறுப்பாளரோடு சேர்ந்து கூட்டம் நடத்துவது. பொதுவாக 14, 15 வயதில் தொடங்கலாம். இதைவிடச் சீக்கிரமாக ஒரு பெண்ணை வளர்க்கும் வேலையை நான் இந்த இயக்கத்தில் பார்த்ததில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்வது சுவாரசியமாக இல்லையென்றால் மரியாதைக்காக உட்கார்ந்திருக்க மாட்டார்கள், எழுந்து ஓடிவிடுவார்கள்.

உதாரணத்துக்கு முடிச்சையே எடுத்துக்கொள்வோம். ஒரு கம்பில் க்ளோவ் ஹிட்ச் போடச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கயிறைக் கம்பைச் சுற்றிக் கொண்டுவந்து, முதல் சுற்றுக்கு மேலே குறுக்காகப் போட்டு, மறுபடி சுற்றி, அந்தக் குறுக்குக்கு அடியில் நுழைத்து இழுத்தால் முடிந்தது. உங்களுக்கு ஐந்து நொடி. ஆனால் பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து காட்டினால், உங்கள் வலது அவளுக்கு இடதாகத் தெரியும், கண்ணாடியில் பார்ப்பதுபோல எல்லாம் தலைகீழாகிவிடும். அவள் பக்கத்தில், ஒரே திசையைப் பார்த்து உட்காருங்கள். நீங்கள் உங்கள் கயிறில் ஒரு படி செய்யுங்கள், நிறுத்துங்கள், அவள் தன் கயிறில் அதே படியைச் செய்யட்டும். சிக்கிக்கொண்டால் அவள் கையிலிருந்து கயிறைப் பிடுங்கிச் செய்துகாட்டாதீர்கள், “இந்தக் குறுக்குக்கு அடியில” என்று விரலால் காட்டுங்கள். அவள் போட்டு முடித்ததும் அடுத்தவளுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். அடுத்த வாரம் வந்து பார்த்தால், சொல்லிக்கொடுத்த பிள்ளைக்குத்தான் நன்றாக நினைவிருக்கும்.

தொடங்கும்போதே முழுக் கூட்டத்தையும் நடத்தக் கேட்காதீர்கள். “அடுத்த வாரம் 15 நிமிஷம் எனக்குத் தாங்க, ஒரு விளையாட்டு நான் நடத்துறேன்” என்று கேளுங்கள். விதிகளை மூன்று வாக்கியத்துக்குள் சொல்லிவிட வேண்டும். நீங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும், அதனால் கையில் இன்னொரு விளையாட்டு தயாராக இருக்கட்டும். முடிந்ததும் பொறுப்பாளரிடம் போய் எது சரியாக வந்தது, எங்கே பிள்ளைகளின் கவனம் போனது என்று ஐந்து நிமிடம் பேசுங்கள். அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள், கற்றுக்கொள்வது பாதி அங்கேதான். முகாமில் இரவில் வீட்டு ஞாபகம் வந்து ஒரு பிள்ளை அழுதால், “அழாதே” என்பதால் ஒன்றும் ஆகாது. டார்ச் லைட்டைக் கொடுத்து, கூடாரக் கயிறெல்லாம் இறுக்கமாக இருக்கிறதா பார்க்கலாம் வா என்று பொறுப்பாளரோடு சேர்ந்து கூட்டிக்கொண்டு நடங்கள். கைக்கு வேலை வந்தால் பெரும்பாலும் அழுகை நின்றுவிடும்.

சில எல்லைகளை ஆரம்பத்திலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தையோடு தனியாக மூடிய அறையில் இருக்காதீர்கள். குழந்தைகளோடு தனிப்பட்ட முறையில் போனில் செய்தி பரிமாற வேண்டாம். ஒரு பிள்ளை “யாரிடமும் சொல்லாதீங்க அக்கா” என்று ஏதாவது சொல்ல வந்தால், அப்படி வாக்குக் கொடுக்காதீர்கள். பொறுமையாகக் கேளுங்கள், கேள்விமேல் கேள்வி கேட்டுத் துருவாதீர்கள், உனக்கு உதவக்கூடியவரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று நேராகச் சொல்லிவிட்டு, அன்றே பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள். 18 வயதுக்குக் கீழே இருக்கும்வரை நீங்களும் பாதுகாக்கப்பட வேண்டியவர்தான். பெரியவர்கள் யாரும் இல்லாமல் உங்களை மட்டும் நம்பிக் குழுவை விட்டுப் போகக் கூடாது, அப்படி நடந்தால் மேல்பொறுப்பில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. மாதக்கணக்கில் காகிதம் வெட்டுவதும் பாத்திரம் கழுவுவதும் மட்டுமே உங்கள் வேலையாக இருந்தால் வாய் திறக்க வேண்டும். அந்த வேலைகளை எல்லோரும் செய்ய வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் இளம் தலைவி என்று பெயர் வைத்துவிட்டு எதையும் நடத்தவிடாமல் வைத்திருப்பது நியாயமில்லை.

விருதுகள்

பெரிய பெண்களுக்கான உயர் விருதுகள் ஒவ்வொரு நாட்டிலும் இருக்கின்றன. இந்தியாவில் ராஜ்ய புரஸ்கார், அதற்கு மேல் ராஷ்டிரபதி விருது. அமெரிக்காவில் கோல்டு அவார்டு, ஒரு சமூகப் பிரச்சினையின் வேரைக் கண்டுபிடித்து, நீங்கள் விலகிய பிறகும் நிலைக்கக்கூடிய தீர்வைச் செய்ய வேண்டும், அதற்குக் குறைந்தது 80 மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எடின்பரோ கோமகன் பெயரிலான சர்வதேச விருதையும் பல நாடுகளில் சாரணியர் குழு வழியாகவே செய்யலாம். வெண்கலம் 14 வயதில், வெள்ளி 15இல், தங்கம் 16இல் தொடங்கலாம். சேவை, ஒரு திறன், உடற்பயிற்சி, சாகசப் பயணம் என்று நான்கு பகுதி, தங்கத்துக்குத் தெரியாதவர்களோடு தங்கிச் செய்யும் ஒரு திட்டமும் சேரும். முந்தைய நிலைகளைச் செய்யாமல் நேரடியாகத் தங்கத்தில் சேர்ந்தால் 18 மாதம் ஆகும், அதனால் பரீட்சை வருடத்தைப் பார்த்துக்கொண்டு தேதியைக் கணக்குப் போடுங்கள்.

எந்த விருதாக இருந்தாலும் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ‘சுற்றுச்சூழல் விழிப்புணர்வு’, ‘மாதவிடாய் சுகாதாரம்’ என்று தலைப்பாகவே வைத்துக்கொண்டால் ஒரு பேச்சு, ஒரு போஸ்டர், நான்கு போட்டோவோடு முடிந்துவிடும். அதே மாதவிடாய் விஷயத்தை ஒரு கட்டிடத்தின் கழிப்பறை வரை சுருக்கிப் பாருங்கள். உள்ளே மூடிபோட்ட குப்பைத் தொட்டி இருக்கிறதா? இருந்தால் அதை யார், எந்த நாளில் காலி செய்கிறார்கள்? தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? நாப்கின் தீர்ந்துபோனால் வாங்கிவைப்பது யார், எந்தப் பணத்தில்? இதற்கெல்லாம் பதில் கண்டுபிடித்து, சம்பந்தப்பட்ட நிர்வாகத்திடம் பேசி, காலி செய்கிறவரின் வேலைப் பட்டியலில் அதை எழுத வைத்துவிட்டால், நீங்கள் படித்து முடித்துப் போன பிறகும் அது நடக்கும். மதிப்பீடு செய்கிறவர்களும் இதைத்தான் தேடுவார்கள்.

வெளிநாடு போகும் வழிகள்

உலக சாரணியர் சங்கத்துக்கு ஐந்து உலக மையங்கள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் அடல்போடனில் ‘அவர் ஷாலே’ (Our Chalet), 1932 முதல். மெக்சிகோவின் குயர்னவாகாவில் ‘அவர் கபானா’ (Our Cabaña), 1957இல் திறந்தது. 1966இல் இந்தியாவின் புனேயில் ‘சங்கம்’. லண்டனில் ‘பாக்ஸ் லாட்ஜ்’. ஐந்தாவது ‘குசாஃபிரி’, அதற்கென்று கட்டிடம் கிடையாது, ஆப்பிரிக்க நாடுகளில் இடம் மாறி மாறி நடக்கும். நிகழ்ச்சிகளுக்குக் குழுவோடு போகலாம். 18 வயது ஆகிவிட்டால் தன்னார்வலராகத் தங்கி வேலை செய்ய விண்ணப்பிக்கலாம். போய்ச் சேர்ந்தால் சுற்றுலாப் பயணி போல இருக்க முடியாது, அறை சுத்தம் செய்வது, சமையலறையில் உதவுவது, வருகிற குழுக்களுக்கு நிகழ்ச்சி நடத்துவது எல்லாம் உங்கள் வேலை. புனே மையத்தில் உள்ளூர்த் தொண்டு அமைப்புகளோடு சேர்ந்து வேலை செய்யும் திட்டமும் இருக்கிறது.

இளம் பெண்களுக்கான ஜூலியட் லோ கருத்தரங்கு தலைமைப் பயிற்சியில் முக்கியமானது, 18 முதல் 30 வயதுக்குள் இருப்பவர்களுக்கானது, அமெரிக்காவில் 1912இல் இந்த இயக்கத்தைத் தொடங்கியவரின் பெயர் அது. நியூயார்க்கில் நடக்கும் ஐ.நா. பெண்கள் நிலை ஆணையக் கூட்டங்களுக்கும் இளம் சாரணியர் பிரதிநிதிகளாகப் போகிறார்கள். இவற்றுக்கெல்லாம் பொதுவாக உங்கள் தேசிய சங்கத்தின் பரிந்துரை வேண்டும், அதனால் சங்கத்தில் வெளிநாட்டுத் தொடர்புகளைப் பார்க்கும் ‘சர்வதேச ஆணையர்’ பொறுப்பில் யார் இருக்கிறார் என்று இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், அறிவிப்புகள் வந்தால் எனக்கும் அனுப்புங்கள் என்று எழுதிவையுங்கள். பல அறிவிப்புகள் சங்க அலுவலகம் வரை வந்து, குழுவை எட்டுவதற்குள் கடைசித் தேதி முடிந்துவிடுகிறது. பாஸ்போர்ட் இல்லையென்றால் விண்ணப்பிக்க இன்னொருவர் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். செலவுக்கு உதவித்தொகை உண்டா என்று விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள், பணம் இல்லை என்பதாலேயே பேர் கொடுக்காமல் விடும் பெண்கள் மிக அதிகம், அதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

பயணமே வேண்டாம் என்றாலும் செய்ய நிறைய இருக்கிறது. தன் உடலைப் பற்றிய தாழ்வு மனப்பான்மையைப் பேசும் ‘ஃப்ரீ பீயிங் மீ’, பெண்கள்மீதான வன்முறையைத் தடுக்க ஐ.நா. பெண்கள் அமைப்போடு சேர்ந்து உருவாக்கிய ‘வாய்சஸ் அகெய்ன்ஸ்ட் வயலன்ஸ்’ போன்ற பாடத்திட்டங்களை, பயிற்சி எடுத்துக்கொண்டு உங்கள் குழுவிலேயே நீங்கள் நடத்தலாம். வன்முறை பற்றிய பாடத்தை மட்டும் பயிற்சி இல்லாமல் கையில் எடுக்க வேண்டாம், கேட்கிறவர்களில் ஒருத்திக்கு அது சொந்த அனுபவமாக இருக்கலாம்.

வீடும் படிப்பும்

வீட்டில் “படிக்கிற வயசுல இது எதுக்கு” என்று கேட்டால், வாதாடுவதைவிடப் பொறுப்பாளரை ஒருமுறை நேரில் சந்திக்க வையுங்கள். முகாமுக்கான அனுமதிப் படிவத்தைக் காட்டுங்கள், எங்கே தங்குகிறோம், கூட வரும் பெரியவர்கள் யார், அவசரத்துக்கு எந்த எண் என்று எல்லாம் அதில் இருக்கும். பெற்றோருக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தத் தகவல்தான். பரீட்சை மாதங்களில் வர முடியாது என்பதை முன்கூட்டியே குழுவில் சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாமல் காணாமல் போனால்தான் உங்கள் வேலை இன்னொருத்தி தலையில் விழும்.

18 ஆன பிறகு

பல பெண்கள் இந்த இடத்தில்தான் நழுவிப் போகிறார்கள். பள்ளி முடியும், ஊர் மாறும், குழு விட்டுப்போகும். போகுமுன் உங்கள் பொறுப்பாளரிடம் ஒரு அறிமுகக் கடிதமும், இதுவரை முடித்த பயிற்சிகளின் விவரமும் வாங்கிக்கொண்டு போங்கள், புது ஊரில் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. உதவிப் பொறுப்பாளராகலாம், அதற்குப் பின்னணிச் சரிபார்ப்பும் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியும் கேட்பார்கள், அது எல்லோருக்கும் உள்ளது. வாராவாரம் வர முடியாதவர்கள் கணக்கு பார்க்கலாம், முகாமுக்கு மட்டும் முதலுதவிப் பொறுப்பில் வரலாம். சில நாடுகளில் பல்கலைக்கழக மாணவர்களுக்கென்றே சாரணர் சாரணியர் சங்கங்கள் இருக்கின்றன.

கல்லூரிக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது “தலைமைப் பண்பு உண்டு” என்று எழுதாதீர்கள், படிக்கிறவருக்கு அதில் ஒன்றுமே தெரியாது. எத்தனை பேருக்கு, எத்தனை நாள் முகாம், எவ்வளவு பணத்தில் நடத்தினீர்கள், எதை மாற்ற வேண்டியிருந்தது, ஏன் என்று எழுதுங்கள். இந்த விவரமெல்லாம் ஒரு வருடம் கழித்து நினைவில் நிற்காது. அதனால் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே தேதி, உங்கள் பங்கு, வந்தவர்களின் எண்ணிக்கை, செலவு ஆகியவற்றைக் குறித்துவைத்து, பொறுப்பாளரிடம் அவ்வப்போது கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். விருது விண்ணப்பத்துக்கும் அதே நோட்டுதான் கேட்பார்கள்.